டீக்குப் பிறகு ஒரு பிளாங்க்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த தனியார் உணவுப் பரிசோதனைக்கூடத்தின் செய்முறைக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. "தினமும் காலை டீ இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாங்க் ஓட்டவும்." மற்ற வரிகள் எல்லாம் ரசாயனப் பெயரும் மில்லிலிட்டருமாக விறைப்பாக இருக்கும். இது ஒன்றுதான் டீ கிளாஸும் கையுமாக நிற்கும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஞ்ஞானத்துக்கும் டீக்கும் என்ன மேடம் சம்பந்தம், காலையில் வந்ததும் ஓட்டினால் ஆகாதா என்று கேட்டார்கள். தணிக்கைக்கு வந்தவர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆனால் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அவர்களுக்கும் டீ நேரம் வந்துவிடும்.

அந்த வரியை எழுதியவள் நான்தான். காரணத்தைச் சேர்த்து எழுத அப்போது விடவில்லை. இனி என் மேல் நடவடிக்கை எடுக்க யாருக்கும் வழியில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

1993-இல் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து கரும்பு லாரிகள் வரும். சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அங்கே இனிப்புக்குப் பஞ்சமே இல்லை. மேஜை பிசுபிசுக்கும், ரெஜிஸ்டர் பிசுபிசுக்கும், பஸ்ஸில் வீட்டுக்குப் போனால் ஈயும் கூடவே வரும். பத்து வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, எழுதியவர் உட்பட.

பிறகு திண்டிவனம் வந்தேன். இங்கே எல்லாம் தலைகீழ். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு இனிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். சீனித்துளசி என்று ஒரு செடி, ஸ்டீவியா என்பார்கள். அதன் இலையிலிருந்து எடுக்கும் பொடி சர்க்கரையைவிட இருநூறு முந்நூறு மடங்கு தித்திக்கும். அப்போது நம் நாட்டில் அதை உணவில் சேர்க்க முறையான அனுமதி வந்திருக்கவில்லை. அனுமதி இல்லாத ஒன்றுக்கு எப்போதும் இருக்கும் மவுசு அதற்கும் இருந்தது. சேர்க்காதவன் சேர்த்ததாகச் சொல்லி விற்பான், சேர்த்தவன் சேர்க்கவில்லை என்று சத்தியம் பண்ணுவான். இருவருக்கும் நடுவில் எங்கள் மெஷின்.

மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு எஃகுக் குழாய். அதற்குள் மாவைவிட மெல்லிய ஒரு தூள் அடைத்திருக்கும். அந்தக் குழாய்க்கு இங்கிலீஷில் காலம் (column) என்று பெயர். சர்பத்தோ பிஸ்கட்டோ எதுவானாலும் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டை அந்தக் குழாய்க்குள் பம்ப் வைத்துத் தள்ளினால், உள்ளே இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வரும்போது கம்ப்யூட்டரில் ஒரு கோபுரம் எழும்பும். அதைப் பீக் என்போம். ஸ்டீவியாவின் பீக் எந்த நிமிஷத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். பெரிய கோபுரம் என்றால் நிறைய, சின்னக் கோபுரம் என்றால் கொஞ்சம்.

பிளாங்க் என்பது ஒன்றுமே இல்லாததை ஓட்டிப் பார்ப்பது. வெறும் கரைசலை, மாதிரிக்குச் செய்யும் எல்லாச் சடங்கும் செய்து உள்ளே அனுப்ப வேண்டும். கோடு தரையோடு தரையாகப் போக வேண்டும். அதில் ஒரு கோபுரம் எழும்பினால் கோளாறு மாதிரியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். நியாயமாக அதைத் தினமும் ஓட்ட வேண்டும். ஆனால் கரைசல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லாததை அளப்பதற்கு இவ்வளவு செலவா என்று முதலாளி கேட்டார். ஆகவே வாரத்துக்கு ஒரு பிளாங்க், திங்கட்கிழமை காலையில், என்று வழக்கமாகிவிட்டது. சுத்தமாக இருப்பதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தோம்.

எங்கள் மேலாளர் தணிகாசலம் சார். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, நீலம் ஒன்று சிவப்பு ஒன்று. நல்ல மனிதர், கெட்டிக்காரர். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். ஆனால் தன் கையைத் தவிர வேறு கையை நம்ப மாட்டார். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ மூடியைச் சரியாகப் போடாமல் ஒரு மாதிரி ஆவியாகிப் போய்விட்டதாம். அன்றிலிருந்து, மெஷினுக்குள் போகும் ஒவ்வொரு சின்னக் குப்பிக்கும் மூடியைத் தானே போடுவார். மாதிரியைக் கரைப்பது நான், வடிகட்டுவது நான், குப்பியில் நிரப்புவது நான். மூடிக்குள் ஒரு ரப்பர் வில்லை இருக்கும். அதைக் கட்டை விரலால் அழுத்திப் பொருத்தி, மூடியைத் திருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ம், இப்ப ஓட்டுங்க ஃபிலோமினா" என்பார். கோயிலில் கடைசியாகக் கற்பூரம் காட்டுகிற மாதிரி.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள் சார் என்று ஒருமுறை சொன்னேன். கையுறை போட்டால் விரலுக்கு இறுக்கம் தெரியாது என்றார்.

சாருக்குச் சர்க்கரை நோய். அதையும் விஞ்ஞான முறைப்படிதான் நடத்தினார். திங்கட்கிழமைதோறும் விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுப்பார். இட்லி சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்து இன்னொரு முறை கொடுப்பார். அதனால் திங்களன்று அவர் திண்டிவனம் வந்து சேர மதியம் ஆகிவிடும். எண் சரியாக வராவிட்டால் கிளினிக்கை மாற்றுவார். அப்போதே மூன்றாவது கிளினிக்கில் இருந்தார். அவர்கள் யாருக்கும் முறையாக அளக்கத் தெரியவில்லை என்பது அவர் கட்சி.

இப்படி இருக்கும்போது ஒரு கம்பெனி, ஏற்றுமதிக்காக, ஸ்டீவியா பொடியின் சுத்தம் பார்க்கச் சொல்லி அரைக் கிலோ அனுப்பியது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கிராம்கூட இல்லை. மிச்சத்தை ஆறு மாதம் வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் முடிந்ததும் ரெஜிஸ்டரில் "அழிக்கப்பட்டது" என்று எழுதி, நீலப் பேனாவால் தணிகாசலம் சார் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எப்படி அழித்தார் என்று நான் பார்க்கவில்லை. சாட்சி பார்க்க வேண்டும் என்று எந்த ஆய்வகத்திலும் வழக்கமில்லை.

அதற்குப் பின் ஏழெட்டு மாதங்கள் ஸ்டீவியா எங்களுக்கு நிறையவே கிடைத்தது. எதில் தேடினாலும் கொஞ்சம் இருந்தது. மக்கள் எவ்வளவு கெட்டுப்போய்விட்டார்கள் என்று சார் வருத்தப்படுவார். நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன்.

விக்கிரவாண்டியில் ஏழுமலை என்று ஒருவர் நன்னாரி சர்பத் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் வரிசையாக ஹோட்டல் நடத்தும் ஒரு கம்பெனி அவரிடம் மொத்தமாக வாங்க முன்வந்தது. சர்க்கரை தவிர வேறு இனிப்பு இல்லை என்று பரிசோதனைச் சான்று வேண்டும் என்றார்கள். பாட்டில் எங்களிடம் வந்தது. ஒரு வியாழக்கிழமை நான் கரைத்து, வடிகட்டி, இரண்டு குப்பியில் நிரப்பினேன். காலை டீ முடிந்து வந்து சார் மூடி போட்டார். மெஷினில் ஓட்டினேன்.

ஸ்டீவியா வந்தது. முதல் குப்பியில் கிலோவுக்குப் பதினெட்டு மில்லிகிராம், இரண்டாவது குப்பியில் ஏழு. ஒரே பாட்டில், ஒரே கரைசல், ஒரே மணி நேரம். இது நடக்கவே கூடாது. எனக்குச் சந்தேகம் வந்தது, சாரிடம் காட்டினேன். அவர் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "கூட்டி ரெண்டால வகுங்க" என்றார். வகுத்தேன். பன்னிரண்டரை. அது அழகான எண்ணாக, நம்பும்படியாக இருந்தது. ரிப்போர்ட்டில் "ஸ்டீவியா உண்டு" என்று டைப் அடித்து, பரிசோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது. பதினெட்டும் ஏழும் என்னைப் பார்த்துக் கத்தின, நான் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஏழுமலை நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், லுங்கிக்கு மேல் சட்டையை அன்றைக்கென்று மாட்டிக்கொண்டு வந்தது தெரிந்தது. கையில் ரிப்போர்ட், பையில் இன்னும் இரண்டு பாட்டில். அந்தப் பொருளின் பேரே இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார். அவரிடம் பாகு காய்ச்சுவது அவர் மனைவியின் தம்பி முருகேசன். பன்னிரண்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவன். வேர் கழுவுவது, சர்க்கரை கொட்டுவது எல்லாம் அவன் கை. ஹோட்டல்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், உள்ளூர் கடைக்காரர்கள் வரைக்கும் பேச்சு போய்விட்டது என்றார்.

"நான் போடல மேடம். அப்ப அவந்தான் போட்டுக்கினு இருக்கணும். ஒருவாட்டி நல்லா பாத்து சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சுதான் நான் வூட்ல பேசணும்."

நான் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "மெஷின் பொய் சொல்லாதுங்க."

அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கொண்டுவந்த பாட்டில் இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை அலமாரியில் வைத்தேன். அந்த வாரமே முருகேசனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்று பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்தது. வாராந்திர பிளாங்க் செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. செவ்வாயன்று சார் காலையிலேயே வந்துவிட்டார். பதினொரு மணி டீ முடிந்தது. நான் பிளாங்க் நிரப்பினேன், சார் மூடி போட்டார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓட்டச் சொன்னார். ஒன்றுமே இல்லாத குப்பியிலிருந்து ஸ்டீவியா கோபுரம் எழும்பியது. சின்னதும் இல்லை.

முதலில் பழியைக் காலம் குழாயின் மேல் போட்டேன். பழைய மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மதியம் முழுக்கக் கழுவினேன். சார் எட்டிப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு வயசாகிவிட்டது, புதுசுக்கு எழுதிப் போடலாம் என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்கூட. மூன்று மணிக்கு அவர் போனில் இருந்தபோது, இன்னொரு பிளாங்க் நிரப்பி அவசரத்தில் நானே மூடி போட்டு ஓட்டிவிட்டேன். கோடு தரையோடு தரையாகப் போனது. நாலு மணி டீக்குப் பிறகு அவர் மூடி போட்டதை ஓட்டினேன். கோபுரம். கரைசல் ஒன்று, குப்பி ஒன்று, மெஷின் ஒன்று. மாறியது கை மட்டும்தான். திங்கட்கிழமை காலைகளில் சார் இல்லாததால் பிளாங்குக்கு நானே மூடி போட்டிருந்தேன், அதனால்தான் அவை சுத்தமாக வந்திருந்தன.

டீ போட்டுக் கொடுத்து கிளாஸ் கழுவுகிற சாந்தி அப்போது கிளாஸ்களை எடுக்க வந்தாள். சார் டீயில் ஏதாவது போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்து இது தெரியாதா என்ற இரக்கம் இருந்தது.

"அந்த டப்பாப் பொடிதான் மேடம். சர்க்கரை இல்லாத டீதான் குடுக்கறேன். ஆனா அவரு கிளாஸ்ல எறும்பும் வராது, கழுவினாலும் தித்திப்பும் போவாது. விரலால ஒரு கிள்ளு எடுத்து போட்டுக்கினு, கைய பேன்ட்டுல தொடச்சுக்குவாரு."

லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின் எட்டு மாதம் கண்டுபிடிக்காததைச் சாந்தி முதல் நாளே கண்டுபிடித்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அரைக் கிலோவும் அழிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு நாளைக்கு இரண்டு கிள்ளாக. ரெஜிஸ்டரில் எழுதியது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆனாலும் மேலாளரிடம் போய் உங்கள் கட்டை விரல்தான் சார் கலப்படம் என்று எப்படிச் சொல்வது. ஆதாரம் வேண்டும். மறுநாள் டீக்குப் பிறகு, கையெழுத்துப் போட வேண்டும் என்று அவருடைய நீலப் பேனாவைக் கேட்டு வாங்கினேன். அதைச் சுத்தமான தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஓட்டினேன். என் பணிக்காலத்தில் பார்த்த மிக உயரமான கோபுரங்களில் அதுவும் ஒன்று. மாதிரியின் பெயர் என்ற இடத்தில் "பேனா, நீலம்" என்று போட்டு அச்செடுத்து, இரண்டு பிளாங்க் தாளோடு அவர் மேஜையில் வைத்தேன்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தாளையும் நிதானமாகப் பார்த்தார். காது சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"ஃபிலோமினா, பேனா உணவுப் பொருள் இல்ல. அதைப் பரிசோதிக்க நமக்கு அங்கீகாரம் கிடையாது."

நான் ஏழுமலையின் ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்றேன். போனது போனதுதான் என்றார். ஒன்றைத் திருத்தினால் எட்டு மாதத்து ரிப்போர்ட்டையும் திருத்த வேண்டும், ஆய்வகத்தின் பேர் என்னாவது, முதலாளி என்ன சொல்வார், நாற்பது பேர் வேலை என்னாவது என்று அடுக்கினார். நாங்கள் மொத்தம் பதினோரு பேர். திருத்தம் அனுப்பத் தனிப் படிவம் உண்டு. அதில் மேலாளர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. இனிமேல் கையைக் கழுவிவிட்டு மூடி போடுகிறேன், அத்தோடு விடுங்கள் என்று முடித்தார். அன்றைக்கே முதல்முறையாகக் கை கழுவினார், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தேன். அலமாரியில் ஏழுமலையின் பாட்டில் இரண்டும் இருந்தன. அவற்றை நானே கரைத்து, நானே மூடி போட்டு, மூன்று முறை ஓட்டினேன். ஸ்டீவியா மருந்துக்குக்கூட இல்லை. இன்னொருவனைத் திருடன் என்று சொல்லி அனுப்பிய காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது, அதைத் திரும்ப வாங்க என் கையெழுத்து போதாது. அன்று மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஜெபம் வரவில்லை, படிவத்தின் எண்தான் ஞாபகம் வந்தது.

வழி திறந்தது சாரின் மேஜை டிராயரிலிருந்து. நான்கு மணி டீயோடு அவர் ஒரு பிஸ்கட் சாப்பிடுவார். சர்க்கரை சேர்க்காதது, ஸ்டீவியா இனிப்பு மட்டும், என்று அட்டையில் போட்டிருக்கும் பிஸ்கட். ஊருக்கெல்லாம் அனுமதி இல்லாத பொருள், சாருக்கு மட்டும் மருந்து. அந்தக் கம்பெனிக்காரர் சும்மா விளம்பரத்துக்காக ஸ்டீவியா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார். கேட்டதை மட்டும்தான் நாங்கள் அளப்போம். "உண்டு" என்று வந்தது. சார் தன் கண்ணாலேயே பார்த்த ரிசல்ட் என்பதால் அன்றிலிருந்து நம்பிக்கையாகத் தினம் ஆறு பிஸ்கட்.

அந்த பிஸ்கட்டை வாங்கி வந்து இரண்டும் பார்த்தேன், ஸ்டீவியாவும் சர்க்கரையும். ஸ்டீவியா இல்லை. சர்க்கரை, சாதாரண டீக்கடை பிஸ்கட்டைவிடக் கூடுதலாக இருந்தது. எங்கள் சான்றிதழில் இருந்த ஸ்டீவியா முழுவதும் சாருடைய கட்டை விரலிலிருந்து போனது. தன் விரலில் இருந்ததைத் தானே அளந்து, தானே சான்று கொடுத்து, தானே நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் அவர் கிளினிக்கிலிருந்து சலிப்போடு வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாள்களை வைத்தேன். ஸ்டீவியா தாளைச் சட்டை செய்யவில்லை. சர்க்கரைத் தாளை எடுத்தார். எழுந்த கோபுரத்தைப் பார்த்தார். டிராயரைத் திறந்து பாக்கெட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அன்றைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கிளினிக்காரன் சரியாத்தான் அளந்தானா?" என்றார்.

மூன்று கிளினிக்கும் சரியாகத்தான் சார் அளந்தார்கள் என்றேன். பாவமாக இருந்தது. நிஜமாகவே பயந்துபோயிருந்தார், தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, திருத்தப் படிவம் எத்தனை வேண்டும் என்று கேட்டார். ஏழுமலைக்காக அவர் அசையவில்லை. முருகேசனுக்காகவும் இல்லை. ஆறு பிஸ்கட்டுக்காக எட்டு மாதத்து ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டார். நியாயம் எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி என்று நானும் சும்மா இருந்தேன். படிவத்தில் "தவறின் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாவற்றிலும் "சுற்றுச்சூழல்" என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையேட்டில் இனி டீக்குப் பிறகு தினமும் பிளாங்க் என்று எழுதிக்கொள்ளுங்கள், காரணம் வேண்டாம் என்றார். எழுதினேன்.

பிஸ்கட்காரர்தான் பெரிய சண்டை பிடித்தார். போன தடவை இருந்தது இந்தத் தடவை எங்கே போனது, நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள் என்று கத்தினார். ஒரு வகையில் அவர் சொன்னது சரிதான். தணிகாசலம் சார் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு கருத்தரங்கில், நுண்ணளவுப் பரிசோதனையில் கைச் சுத்தத்தின் அவசியம் என்று முக்கால் மணி நேரம் பேசி நினைவுப் பரிசு வாங்கி வந்தார். தன் ஆய்வகத்தில் தானே கண்டறிந்த ஒரு அனுபவம் என்று சொன்னாராம். சில வருஷங்களில் ஸ்டீவியாவை உணவில் சேர்க்க அனுமதியும் வந்துவிட்டது.

ஏழுமலைக்கான திருத்தத்தைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. நானே பஸ் ஏறி விக்கிரவாண்டி போனேன். டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு. அவரே அகப்பையை வைத்துப் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். வாசிக்கச் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார், இரண்டாம் முறையும் வாசித்தார்.

"அப்ப அது எங்கேர்ந்து வந்திச்சு மேடம்?"

சுற்றுச்சூழல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கையிலிருந்து வந்தது, நான் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அகப்பையை எடுத்து வைத்துவிட்டு, செல்போனில் முருகேசனைக் கூப்பிட்டார். அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தான். இவர் பேசினார், மறுமுனையில் அவன் கொஞ்ச நேரம்தான் பேசினான். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"வர மாட்டேங்கறான். பன்னெண்டு வருசம் கூட இருந்தவன நம்பல, ஒரு காயிதத்த நம்பினியேங்கறான்."

பாகு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவர் திரும்ப அடுப்புக்குப் போய்விட்டார், நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். ஹோட்டல் ஆர்டர் பிறகு திரும்பி வந்தது. முருகேசன் வரவேயில்லை. ஏழுமலையின் மனைவி அவரோடு பேச ஒரு வருஷம் ஆனது என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம், ஓய்வு பெற்று முதல்முறையாக, விழுப்புரம் போகிற வழியில் விக்கிரவாண்டியில் இறங்கினேன். கடை பெரிதாகியிருந்தது. ஏழுமலைக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு காகிதங்கள் மாட்டியிருந்தார். ஒன்றில் "ஸ்டீவியா உண்டு." இன்னொன்றில் "ஸ்டீவியா இல்லை." இரண்டிலும் கீழே என் கையெழுத்து, கொஞ்சமும் வித்தியாசம் இல்லாமல், ஒரே அழகாக.

முதலாவதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆளை வேலைக்கு எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் நிமிர்ந்து அதை ஒருதரம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ஒரு டம்ளரில் சர்பத் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கலக்கினார். நான் கையை நீட்டினேன். அவர் டம்ளரைக் கொடுக்காமல் கடைக்குப் பக்கவாட்டில் இருந்த குழாயைக் காட்டினார்.

"கைய கழுவிக்கினு வாங்க மேடம்."

போனேன். அங்கே சோப்பு இருந்தது. கட்டை விரலை மட்டும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, டம்ளரை வாங்கிக்கொண்டேன்.